ஏழு ஒட்டு

இந்தத் தடவை என்று தங்கச்சி பவுன்தாய் எதற்குச் சொன்னாள் என்பது சீலமுத்துவுக்கு இன்னும் பிடிபடவில்லை. காலையில் அவளுடைய மகன் நவநீதன் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்காமலே, "மாமா, டயர் எடுக்கப் போவமா? இந்தத் தடவை நல்லாப் பாத்து எடுக்கச் சொல்லுச்சு அம்மா" என்றான். சொல்லிவிட்டு ஒரு மஞ்சள் துணிப்பையை நீட்டினான். "இதையும் உங்க கையில குடுக்கச் சொல்லுச்சு. அளவுக்காம்." பையின் வாயை நூலால் கட்டியிருந்தாள். மூன்று முடிச்சு. சீலமுத்து அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். போடி பஸ் நிலையத்தைத் தாண்டி அபுதாகிர் டயர் கடைக்கு வந்து சேரும் வரைக்கும் திறக்கவில்லை. கடைக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆகிறது, இன்னும் திறக்கவில்லை. திறந்து பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. முப்பத்தி நாலு வருஷம் பஸ் கம்பெனி டெப்போவில் டயர் பிரிவில் வேலை பார்த்த கை. மடியில் இருக்கும் கனத்தை வைத்தே உள்ளே இருப்பது என்ன என்று அந்தக் கை சொல்லிவிட்டது. கை சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பலகாரமாக இருக்கும். கல்யாண வீட்டில் நேற்று அதிரசம் சுட்டார்கள். ஆனால் அதிரசத்தை அளவுக்கு என்று யார் கொடுத்து விடுவார்கள். பை லேசாக வழுக்கியது, பிடித்துக்கொண்டார். உள்ளே இருந்தது மெதுவாகச் சுருண்டு திரும்பியது மாதிரி இருந்தது. அதிரசம் அப்படித் திரும்பாது.

நாளை மறுநாள் நவநீதனுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீராக என்ன செய்யட்டும் என்று கேட்கப் போன வாரம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார். அவர் வீட்டு நடையிலிருந்து அவள் வீட்டு நடைக்கு நூற்றுப் பன்னிரண்டு அடி. இடையில் ஒரு குழாய், ஒரு மின்கம்பம், ஒன்பது வாசல். மோதிரம் கேட்பாள், இல்லை பட்டு வேட்டி என்பாள் என்று நினைத்துத்தான் போனார். அவள் அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டு, திரும்பாமல், "அவங்க அப்பா வண்டிக்கு ரெண்டு டயரும் டியூப்பும் போட்டுக் குடுத்துருண்ணே, அது போதும்" என்றாள். யாராவது டயரைச் சீராகக் கேட்பார்களா. தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, நடுவில் டயர். அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் கை புளியைப் பிழிந்துகொண்டே இருந்தது, சக்கையாகி வெகுநேரம் ஆன புளியை. "அவன் ஒரே புடியா நிக்கிறான். தாலி கட்டுன கையோட பொண்ணப் பின்னாடி வச்சுக்கிட்டு, அப்பா வண்டியிலதான் மேட்டுக்குப் போயிச் சாமி கும்புடுவேங்கிறான்" என்றாள். சரி தாயி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வேறு என்ன சொல்வது. மலை மேலே இருக்கும் மேட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஏறுவதில் ஒன்றும் இல்லை. ஏறுகிறபோது வண்டி நம் சொல் கேட்கும். இறங்குகிறபோதுதான் வண்டியின் கனம் முழுக்கச் சக்கரத்தில் வந்து உட்காரும், பின்னால் ஒரு பெண்ணின் கனமும் சேர்ந்து. பதினொன்றாவது வளைவில் வலது பக்கம் பாறை, இடது பக்கம் ஒன்றும் கிடையாது.

"அண்ணே, இப்பிடி டயரத் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்களே, மாப்ளைக்குப் பொண்ணு பாக்கயில கூட இம்புட்டு நேரம் பாத்திருக்க மாட்டீக" என்றார் அபுதாகிர். காற்று அழுத்தும் யந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது. நவநீதன் சிரித்தான். "பொண்ண நானே பாத்துக்கிட்டேன் பாய். டயரையாவது மாமா பாக்கட்டும்னு விட்டிருக்கேன்." யந்திரம் சட்டென்று நின்றது. அந்தச் சத்தம் நிற்கும்போதெல்லாம் அப்படித்தான், எதுவோ இறங்கிப்போன மாதிரி. டெப்போவிலும் அப்படித்தான் இருக்கும். சீலமுத்து கூச்சத்தோடு, "அந்த வரி டயர வெளிச்சத்துக்குக் கொண்டாங்களேன்" என்றார். முன் சக்கரத்துக்கு நீளவாக்கில் வரி ஓடுகிற டயர், பின் சக்கரத்துக்குக் கட்டம் கட்டமாகப் பட்டன் வைத்த டயர். இரண்டுமே மூணேகால் பத்தொன்பது அளவு. பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருஷம். அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு என்றாலும் எண்ணில் அவர் யாருக்கும் சளைத்தவரில்லை. விரலால் தடவியே படித்தார். "இது நாலு வருஷமாச்சே." "கவரு கூடப் பிரிக்காத டயருண்ணே அது." "பிரிக்காட்டி என்ன, வயசு ஆகும்ல." அபுதாகிர் உள்ளே போய் இன்னொன்று எடுத்து வந்தார். அது இந்த வருஷத்து டயர். நகத்தை அழுத்தினால் குழி விழுந்து உடனே எழுந்தது. விரல் நடுவில் மடித்துப் பார்த்தார், வெடிப்பு இல்லை. ஓரத்துக் கம்பியைச் சுற்றி ஒரு முழுச்சுற்று தடவினார், பிசிறு இல்லை. பட்டன் டயரையும் அப்படியே பார்த்தார். இரண்டும் நல்ல டயர். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்ததும் நல்ல டயர்தான். டயரில் அவர் என்றைக்கும் தப்புப் பண்ணியதில்லை.

அன்றைக்கும் மாப்ள என்றுதான் கூப்பிட்டார். தங்கச்சி புருஷனும் மாப்ள, அவன் பெற்ற பிள்ளையும் மாப்ள. சுருளிவேல், இதே உயரம், இதே மாதிரி சிரிக்கும்போது ஒரு கண் மட்டும் இடுங்கும். மலையில் ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை. வாரத்துக்கு இரண்டு தரம் ஏறி இறங்குவான். மார்கழி மாசம். இந்தக் கடைதான், அபுதாகிரின் வாப்பா இருந்தார். இரண்டு டயரும் புதுசாக எடுத்துவிட்டு, "டியூப்பையும் மாத்திருவமா மச்சான்?" என்று சுருளிவேல் கேட்டான். கேட்டான். அவன் கேட்காமல் இருந்திருந்தால்கூட ஒரு வழி இருந்திருக்கும். சீலமுத்து பின் டியூப்பை எடுத்து மவுத்துப் பக்கத்தில், காற்று அடைக்கிற பித்தளைக் குழாயை ஒட்டி, தாம் போட்டிருந்த மஞ்சள் பெயிண்ட் கோடுகளை எண்ணினார். ஒரு ஒட்டுக்கு ஒரு கோடு. டெப்போவில் எந்த டியூப் ஒட்டுப் போட வந்தாலும் அவர் கோடு இழுத்துத்தான் அனுப்புவார். பத்துக் கோடு வரைக்கும் ஓடலாம், பதினொன்று ஆனால் வெட்டிப் போட்டுவிட வேண்டும். அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எண்ணி எண்ணி அவரே கண்டுபிடித்த கணக்கு. மேலாளரே அதை மற்றவர்களுக்குச் சொல்லுவார். "ஏழுதான மாப்ள ஆயிருக்கு. இன்னும் மூணு இருக்கு" என்றார். சுருளிவேல் ஒரு கண் இடுங்கச் சிரித்தான். "நீங்க எண்ணிச் சொன்னாச் சரிதான்." அவ்வளவுதான் பேச்சு. பஸ் டியூப் தோல் மாதிரி கனம். மோட்டார் பைக் டியூப் அப்படியா. ஓடி ஓடி நீண்டு அகன்றுபோன பழைய டியூப்பைப் புது டயருக்குள் அடைத்தால் அது எங்கே போகும், இடம் பற்றாமல் மடியும். மடிந்த இடம் சுற்றுக்குச் சுற்று உரசும். ஒட்டை எண்ணத் தெரிந்தவருக்கு மடிப்பை எண்ணத் தெரியவில்லை. நாற்பது கம்பியும் சரியாக இருக்கிறதா என்று அன்றைக்குச் சக்கரத்தை எண்ணிப் பார்த்தது நினைவிருக்கிறது. நாற்பதும் இருந்தது.

பனி என்றார்கள். பதினொன்றாவது வளைவில் விடிகாலைப் பனியில் சுருளிவேல் பாதை தெரியாமல் பள்ளத்துக்குள் போய்விட்டான் என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதியவர்களும் அப்படியே எழுதினார்கள். அவரும் தலையாட்டினார், ஊரே சொல்கிறபோது ஒரு ஆள் தலையாட்டுவது பெரிய பொய்யாகப் படவில்லை. மூன்றாம் நாள் வண்டியைக் கொண்டுவந்து பவுன்தாய் வீட்டுக் கொட்டகையில் போட்டார்கள். வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வயது நவநீதன் யாரோ கொடுத்த பிஸ்கட்டோடு கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சீலமுத்து பின் டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் கையை விட்டார். விரல் நேராக அங்கே போனது, மவுத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. மடிப்பு. மடிப்பின் முதுகு நெடுகக் கிழிசல், இரண்டு விரல் நுழையும். ஒட்டுகள் ஏழும் அப்படியே கெட்டியாக இருந்தன. கையை வெளியே எடுத்தபோது பவுடர் ஒட்டியிருந்தது, டியூப் வழுக்கிப் போவதற்கு அவரே தடவிய பவுடர். வேட்டியில் துடைத்தார். குழந்தை அவர் கையையே பார்த்தது. அதற்கு என்ன தெரியும், ஒன்றும் தெரியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அந்த டியூப்பை எடுத்து வெட்டி எரித்துவிடலாம் என்று போனார். டயர் இருந்தது. உள்ளே டியூப் இல்லை. எலி இழுத்திருக்கும் என்றார் தமக்குத்தாமே. பழைய இரும்புக்காரன் எடுத்திருப்பான். செருப்புக்கு வார் வெட்ட எவனாவது உருவியிருப்பான். இருபத்தெட்டு வருஷமாக ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நூற்றுப் பன்னிரண்டு அடி நடந்து அந்த வீட்டுக்குப் போய், அவள் வைத்த இலையில் சாப்பிட்டு, கை கழுவுகிற சாக்கில் கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார். அவள் பாயசம் ஊத்தட்டுமா என்பாள். போதும் தாயி என்பார். இத்தனை வருஷத்தில் அவள் ஒரே ஒரு தரம் கேட்டிருந்தால். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா. தெரியவில்லை. இந்தத் தடவை நல்லாப் பாத்து என்றால், போன தடவை.

மடியில் பை சூடாக இருந்தது. வெயில் காலில் விழுவதால் இருக்கும். ரப்பர் வாடை வந்தது. டயர் கடையில் ரப்பர் வாடை வராமல் மல்லிகைப்பூ வாடையா வரும். ஆனால் அதோடு பாச்சை உருண்டை வாடையும் வந்தது, பெட்டியில் பட்டுப்புடவைக்கு நடுவில் போட்டு வைப்பார்களே, அது. அவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். பையும் கூடவே வந்தது. எதிரே தண்ணீர்த் தொட்டியில் அபுதாகிர் யாருடைய டியூப்பையோ முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். ஒரு குமிழி வந்தது. பிறகு ஒன்று. எண்ண ஆரம்பித்தார், ஏழு வந்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டார். தெருக் கோடியில் மலை தெரிந்தது. வெயில் ஏறிய பிறகும் நெற்றியில் பனியை இறக்காமல் வைத்திருந்தது. அப்பா வண்டியிலிருந்து நவநீதன் நேற்றே கழற்றிக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்திருந்த இரண்டு சக்கரங்களும் டயர் இல்லாமல் வெறும் கம்பியும் வளையமுமாக, கண்ணைப் பிடுங்கிய மாதிரி இருந்தன. நவநீதன் அவற்றுக்குப் பக்கத்தில் குந்தி, ரிம்மின் உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் இருக்கிறவன், விரல் சுத்தம். இந்த மூன்று மாசமாக ஞாயிறு தவறாமல் வந்து வந்து எஞ்சினை அவனே கழற்றி மாட்டியிருக்கிறான். "துரு போயிருச்சு மாமா, பாருங்க" என்று நிமிர்ந்தான். ஒரு கண் இடுங்கியது. நல்லாருக்கு மாப்ள என்று சொல்ல வாயைத் திறந்தவருக்கு, எந்த மாப்ளையிடம் சொல்கிறோம் என்று ஒரு விநாடி குழம்பியது.

"ஒரு சங்கடம்ணே" என்று அபுதாகிர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பத்தொன்பதுல புது டியூப் ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு மதுரையில இருந்து வரணும். சொன்னா நாளைக்குச் சாயந்தரம் பஸ்ஸுல போட்டு விட்டுருவான்." நவநீதன் எழுந்தான். "நாளைக்குப் பொண்ணு அழைப்பு பாய். நான் எங்கிட்டு வந்து மாட்டுறது. இன்னைக்கே முடிச்சாத்தான் உண்டு." "அதான் யோசிக்கிறேன். ஓடுன டியூப் ஒண்ணு சொகமா இருக்கு. ரெண்டே ஒட்டு. புது டயருக்குள்ள போட்டுட்டா வெளிய யாருக்குத் தெரியப்போகுது." அவர் டியூப்பைக் கொக்கியிலிருந்து எடுத்து நீட்டினார். "ரெண்டுதான் மாமா" என்றான் நவநீதன். "போதும்ல? மேட்டுக்குப் போயிட்டு வந்து மாத்திக்கிருவோம்." அபுதாகிர் சிரித்தார். "அண்ணன்ட்டயே கேக்கிறியே. பத்து ஒட்டு வரைக்கும் ஓடலாம்னு ஊருக்கே சொல்லிக் குடுத்தவரு அவரு. எங்க வாப்பா மௌத்தாகுற வரைக்கும் அதச் சொல்லித்தான் யாவாரம் பண்ணாரு. போடிச் சீலமுத்து கணக்கும்பாரு. நான் இன்னைக்கும் அதத்தான் சொல்லுறேன்."

இன்னைக்கும். அப்படியானால் எத்தனை பேர். இந்தக் கடை வாசலில் எத்தனை வண்டி நின்றிருக்கும், எத்தனை டியூப்பை இவர்கள் எண்ணியிருப்பார்கள், மூணுதான், அஞ்சுதான், இன்னும் இருக்கு என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள், அதில் எத்தனை மலைக்குப் போயிருக்கும். இந்த ஒரு கணக்கை மட்டும் சீலமுத்துவால் போட முடியாது. வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் ஏன் என்பான். பத்து என்று சொன்னவர் இரண்டுக்கு ஏன் வேண்டாம் என்கிறார் என்று அபுதாகிர் கேட்பார். மவுத்துப் பழசு என்று சொல்லலாம். ரப்பர் சரியில்லை என்று சொல்லலாம். பொய் சொன்னாலும் டியூப் மாறிவிடும், பையனுக்கு ஒன்றும் ஆகாது, அது போதாதா. போதும். மவுத்துப் பழசு. அதைச் சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அதற்குள் நவநீதன், "இருங்க, அம்மா அளவுக்குக் குடுத்துச்சுல்ல, அது டியூப்தானா பாப்போம், நல்லாருந்தா அதையே போட்டுருவோம்" என்று மடியிலிருந்து பையை எடுத்துவிட்டான். மூன்று முடிச்சையும் பல்லால் கடித்து அறுத்தான். பாச்சை உருண்டை வாடை முழுசாக வந்தது. கருப்பாகச் சுருண்டு கிடந்ததை அவன் உதறினான். அது தரையில் படாமல் அவன் கையிலிருந்து நீளமாகத் தொங்கியது. மடித்து மடித்துப் பெட்டிக்குள் வைத்து எடுத்த அடையாளம் வரிசையாக இருந்தது. மவுத்திலிருந்து ஒரு சாண் தள்ளி அந்தக் கிழிசல் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"இது கிழிஞ்சதுல்ல" என்றான். பிறகு மவுத்துப் பக்கத்தைத் திருப்பினான். "இது என்ன கோடு மாமா?"

மஞ்சள் பெயிண்ட் கொஞ்சம்கூட மங்கவில்லை. அவர் போட்ட கோடு நேராக இருக்கும், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. டெப்போவில் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒன்று, இரண்டு என்று கண் தானாகவே ஓடியது. ஏழு. ஏழில் நின்றிருக்க வேண்டிய கண் நிற்கவில்லை. ஏழுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இருந்தது. மஞ்சள் இல்லை, சிவப்பு. குங்குமத்தை எண்ணெயில் குழைத்து விரல் நுனியால் இழுத்தது. கோணலாக, கீழே போகப் போகத் தடித்து. எண்ணெய் ரப்பருக்குள் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. நேற்றோ போன வாரமோ இழுத்தது இல்லை. குங்குமச் சிமிழை அவள் எடுத்து உள்ளே வைத்த அந்தப் பதினாறு நாளைக்குள் இழுத்தது. அப்படியானால் அவர் கொட்டகைக்குப் போனபோதே அவளுக்குத் தெரியும். அப்படியானால் முதல் பொங்கலில். இலை போட்டபோது, பாயசம் ஊத்தட்டுமா என்று கேட்டபோது, புளியைப் பிழிந்தபோது.

"மாமா."

"ஒட்டுக் கணக்கு மாப்ள" என்றார். "ஏழும் நான் போட்டது."

"அந்தச் செவப்பு?"

"அது உங்கம்மா போட்டது."

நவநீதன் கிழிசலுக்குள் இரண்டு விரலை விட்டான். சரியாக இரண்டு விரல் நுழைந்தது. விரலை எடுக்காமல், "எந்த வண்டியில கெடந்தது இது?" என்றான். சீலமுத்து சுவரில் சாய்ந்திருந்த சக்கரத்தைப் பார்த்தார். "மாத்திருவமான்னு உங்கப்பா கேட்டாரு. ஏழுதான, இன்னும் மூணு இருக்குன்னு நான்தான் சொன்னேன். பனியெல்லாம் இல்ல மாப்ள. ஓடுன டியூப்பப் புது டயருக்குள்ள போட்டா மடியும். ரெண்டு ஒட்டா இருந்தாலும் மடியும், ஒட்டே இல்லாட்டியும் மடியும்." சொல்லி முடித்த பிறகுதான் அவ்வளவு நீளமாகப் பேசியிருக்கிறோம் என்பது தெரிந்தது. அபுதாகிர் கையிலிருந்த டியூப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். யந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. சீலமுத்து சக்கரத்தின் கம்பிகளை எண்ணினார். இருபத்து மூன்றோ நாலோ என்று வந்த இடத்தில் தப்பிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார், மறுபடியும் அங்கேயே தப்பியது. யந்திரம் நின்றது.

"பாய்" என்றான் நவநீதன், அவரைப் பார்க்காமல். "மதுரைக்குப் போனப் போடுங்க. புது டியூப் வரட்டும். அது எப்ப வருதோ அப்ப மாட்டிக்கிறேன்." பிறகு பழைய டியூப்பை இருந்த மடிப்பிலேயே மடித்தான். அவசரப்படாமல், மடிப்பு மேல் மடிப்பு விழும்படி. பைக்குள் வைத்தான். அறுந்த நூலால் வாயைச் சுற்றி ஒரே ஒரு முடிச்சுப் போட்டான். பையைக் கொண்டுவந்து சீலமுத்துவின் மடியில் வைத்தான்.

"இத அம்மாகிட்ட நீங்களே கொண்டுபோய்க் குடுத்துருங்க மாமா."

ஸ்கூட்டரில் ஏறச் சொல்வான் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அவன் ரிம்முக்குப் பக்கத்தில் போய்க் குந்தி, துரு போய்விட்ட இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தான். சீலமுத்து எழுந்து பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெயிலில் இறங்கினார். அவர் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்கு எத்தனை அடி என்று தெரியும். இங்கேயிருந்து எத்தனை என்று அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை. பஸ் நிலையம் வந்தது, தெருமுனை வந்தது. தம்முடைய வாசல் வந்தபோது கால் வழக்கமாகத் திரும்பப் பார்த்தது, அவர் திருப்பவில்லை. ஒன்பது வாசலுக்கு அந்தப் பக்கம் பவுன்தாய் வெளியே வந்து நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் மகன் வருகிறானா என்று அவள் பார்க்கவில்லை. இவர் கையில் இருந்த பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.